முன்காலுக்கு மெழுகு

மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று நாணல்வலசையின் உடைமரங்களை எல்லாம் ஒரே பக்கமாக வாரிவிட்டிருந்த ஆனி மாதத்தில், ஒரு காலை நேரம் டெல்பினா கொட்டகையைத் திறந்தபோது அவளுடைய பலகையின் மெழுகில் வேறு யாருடையதோ இரண்டு பாதங்கள் பதிந்திருந்தன. யாரோ சொல்லாமல் எடுத்துக்கொண்டு கடலுக்குப் போயிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். போனது யாராக இருந்தாலும் நன்றாகத்தான் நின்றிருக்கிறார் என்று அடுத்து நினைத்தாள். பலகை ஈரமாக இருந்தது. அடியில் மீனுக்கு இருப்பதுபோல் நீட்டியிருந்த துடுப்பில் கடற்பாசி சுற்றியிருந்தது. பட்டம் மட்டும் பைக்குள் மடித்தது மடித்தபடி, சொட்டு ஈரமில்லாமல் இருந்தது. பட்டமில்லாமல் அந்தப் பலகையை எது இழுத்துக்கொண்டு போனது என்பது கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நாளில் அதை யாரும் கேட்கவுமில்லை.

பெரிய பட்டத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு, காலுக்கடியில் ஒரு பலகையை வைத்துக்கொண்டு, காற்று இழுக்கிற இழுப்பில் தண்ணீரின் மேல் ஓடுகிற அந்த விளையாட்டை ஊருக்குக் கொண்டுவந்தவர் கோயம்புத்தூர்க்காரர் நந்தகோபன். கடற்கரையில் கொட்டகை போட்டு வெளியூர் ஆட்களுக்குக் கற்றுக்கொடுத்தார். பட்டம் மடித்துவைக்கிற வேலைக்கு அங்கே போன டெல்பினா, மடித்துக்கொண்டே பார்த்து, பார்த்துக்கொண்டே பழகி, இப்போது அவளே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவளாக ஆகியிருந்தாள். ஆடி மாதம் அதே கடலில் மிதவைகள் போட்டு ஒரு போட்டி நடக்க இருந்தது. அதில் முன்னால் வந்தால் மாநில அணியில் இடம். அப்பா அம்மா இல்லாமல் அண்ணன் வீட்டில் இருக்கிற, முப்பதை நெருங்குகிற ஒரு பெண்ணுக்கு அந்த இடம் என்னவெல்லாம் செய்யும் என்று அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை, நினைத்து மட்டும் வைத்திருந்தாள்.

அவளுடைய பலகையில் காலை மாட்டிக்கொள்ளும் வார் கிடையாது. சும்மா ஏறி நிற்க வேண்டியதுதான். அதனால் பாதத்துக்கும் பலகைக்கும் நடுவே என்ன இருக்கிறது என்பதுதான் எல்லாமே. கடையில் விற்கிற மெழுகு குளிர்ந்த கடலுக்கென்று செய்தது, நாணல்வலசை வெயிலில் நெய்யாக வழிந்தது. ஆகவே அவளே மாதா கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவத்திகளோடு தேன்மெழுகும் துளி தேங்காயெண்ணெயும் சேர்த்துக் காய்ச்சித் தேய்த்து வந்தாள். அந்த மெழுகில் நின்றால் தண்ணீர் என்ன செய்யப்போகிறது என்பது உள்ளங்காலுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். ஆனால் உச்சிவெயிலில் அதுவும் இளகிவிடும். வைகாசியில் ஒருநாள் மிதவையைச் சுற்றித் திரும்பும்போது பின்கால் வழுக்கி, பலகை விளிம்பில் தாடை இடித்துத் தையல் போட வேண்டியதாயிற்று. நந்தகோபன் அன்றைக்கே சாம்பல் நிற ரப்பர் அட்டைகள் கொண்ட பொட்டலம் ஒன்றை அவள் கையில் கொடுத்து, ஒட்டிவிடு, வெயிலுக்கும் அசையாது என்றார். அவளும் ஏற்கெனவே ரப்பர் ஒட்டிய ஒரு பலகையைக் கடன் வாங்கி அதன் மேல் நின்று பார்த்தாள். பின்கால் ஆணி அடித்தது போல நின்றது. ஆனால் திரும்பும்போது முன்காலையும் பின்காலையும் மாற்றிப் போட வேண்டுமே, அப்போது ரப்பர் முன்காலை விடாமல் பிடித்து இடறிவிட்டது. ஒட்டினால் ஒட்டியதுதான், பிய்த்தால் பெயிண்டும் சேர்ந்து வரும். பொட்டலம் பிரிக்கப்படாமல் கொட்டகை மூலையில் கிடந்தது.

முதல் பாதங்கள் யாருடையவை என்று அன்று மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது. ரேஷன் கடையில் எடை போடுகிற முத்துக்கருப்பன், நடுவில் வளைவே இல்லாத தன் தட்டைப் பாதங்களைப் பற்றிப் பேச்சு வருகிறது என்று கேள்விப்பட்டு, கடையைச் சாத்திவிட்டு வந்து, செருப்பைக் கழற்றி, பதிவுக்குள் காலை வைத்தார். அச்சில் வார்த்தது போலப் பொருந்தியது. கடல் இல்லாத ஊரிலிருந்து வந்தவரான அவர் அலையில் கால் நனைத்ததே இல்லை. காலையில் எழுந்தபோது வேட்டிக் கரை ஈரமாக இருந்ததாகவும், நக்கிப் பார்த்தால் உப்புக் கரித்ததாகவும் சொன்னார். கடல் எப்படி இருந்தது என்று டெல்பினா கேட்டதற்கு, தூங்கிக்கொண்டிருந்தவனிடம் கேட்டால் எப்படி என்று வருத்தப்பட்டார்.

அதற்குப் பிறகு நாள் தவறாமல் யாராவது போய்வந்தார்கள். டெல்பினா சாயங்காலம் மெழுகைத் தேய்த்துச் சமப்படுத்தி மாட்டிவிட்டுப் போவாள், விடிந்தால் புதுப் பாதங்கள் இருக்கும். வலைக்குப் போகிறவர்களும் பஸ்ஸுக்குப் போகிறவர்களும் போகிற வழியில் கொட்டகையில் எட்டிப்பார்த்து, இன்னைக்கு யாரு என்று கேட்டுவிட்டுப் போவது, டீக்கடையில் பேப்பர் பார்ப்பது போல ஆகிவிட்டது. மெட்டித் தடத்தை வைத்துப் பெண்களையும், வெடிப்பை வைத்து உப்பளத்தில் வேலை செய்கிறவர்களையும் கண்டுபிடித்தார்கள். ராத்திரி படுக்கப் போகுமுன் ஊரே காலைத் தேய்த்துக் கழுவி நகம் வெட்டிக்கொண்டது. பெருவிரல் முட்டி புடைத்த நீளமான பாதங்கள் ஒரு சனிக்கிழமை பதிந்திருந்தபோது, பார்த்த எல்லாருக்கும் அது பங்குச் சாமியார் என்று தெரிந்தது, ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் பூசையில் அவருடைய பிரசங்கம் வழக்கத்தில் பாதிதான் இருந்தது. காரணம் தேடியவர்களும் இருந்தார்கள். கோயில் மெழுகில் ஊராரின் வேண்டுதல்கள் கலந்திருக்கின்றன என்றார் ஒருவர், இந்த வருஷம் கச்சான் நேரத்தோடு ஏறிவிட்டது என்றார் இன்னொருவர், இரண்டும் சரியாகத்தான் பட்டன, அத்தோடு விட்டுவிட்டார்கள்.

டெல்பினா மட்டும் ஒன்றைக் கவனித்தாள். எல்லாப் பதிவுகளிலும் இடதுகால் முன்னாலும் வலதுகால் பின்னாலும் இருந்தன. காற்றுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க முடியும் என்பதால், கச்சான் அடிக்கிற நாளில் கடலுக்குள் போகிறவருக்கு வலதுகால் முன்னால் இருக்கும், கரைக்குத் திரும்புகிறவருக்குத்தான் இடதுகால் முன்னால் வரும். போன தடத்தை வந்த தடம் அழித்துவிடுகிறது, அவ்வளவுதான். அத்தனை பேரும் திரும்பி வந்திருக்கிறார்கள் என்பதை ஊரில் சொன்னபோது, தங்கள் வீட்டுக்காரர்களைப் பற்றி உள்ளூரப் பயந்துகொண்டிருந்த சிலர் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டார்கள்.

ஒரே ஒருவருக்கு மட்டும் மனக்குறை. ஊர்க் கமிட்டித் தலைவர் சூசைமாணிக்கத்தின் பாதங்கள் ஒருநாளும் பதியவில்லை. நாற்பது வருஷம் கடலை ஆண்டவன் நான், ரேஷன் கடைக்காரனுக்குக் கிடைத்தது எனக்கில்லையா என்று அவர் வெளியே சொல்லவில்லை. ஆனால் தினமும் முதல் ஆளாகக் கொட்டகைக்கு வந்து கடைசி ஆளாகப் போனார்.

பிறகு விண்ணரசியின் பாதங்கள் பதிந்தன. அவள் புருஷன் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய், யாரோடு போனாய் என்று கேட்டான். பலகையில் ஒருவர் நிற்கத்தான் இடமிருக்கிறது என்று அவள் சொன்னது அவன் காதில் ஏறவில்லை. அன்று ராத்திரி வெளியே பூட்டுப் போட்டுச் சாவியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்தான். விடிந்ததும் பூட்டு பூட்டியபடி இருக்க, மெழுகில் மறுபடியும் விண்ணரசியின் கால்களே இருந்தன, முந்தினதைவிட ஆழமாக. அவள் துணியை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கமிட்டி கூடியது. மெழுகு இருப்பதால்தானே தடம் தெரிகிறது, தடம் தெரிவதால்தானே சண்டை, ரப்பரை ஒட்டிவிட்டால் போகிறவர்கள் போகட்டும், நமக்குத் தெரியாது என்று அவர்கள் பேசிக்கொண்டிருந்த அதே வாரத்தில்தான் ஊரில் ஒருவருக்கும் அடையாளம் தெரியாத ஒரு சோடிப் பாதங்கள் வந்தன.

பெரிய பாதங்கள், அழுத்தமானவை, குதிகால் இரண்டும் பலகையில் முழுசாக ஊன்றியவை. ஊர்க்காரர்கள் வந்து வந்து பார்த்தார்கள். மெட்டித் தடமும் இல்லாததால் ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. வெளியூர் ஆள் என்றார்கள். வெளியூர் ஆளாக இருந்தால் நம் மெழுகில் ஏன் பதிய வேண்டும் என்றார்கள். டெல்பினா ஒரு தடவைதான் பார்த்தாள். வலது பாதத்தில் சுண்டுவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறிப் படுத்திருந்தது. அது அவளுடைய மதினி, அண்ணன் மனைவி பவுலினின் கால்.

பவுலினுக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடதுகால் சூம்பிவிட்டது. அதன் குதிகால் தரையில் படாது, முன்பாதத்தை மட்டும் ஊன்றி ஊன்றித்தான் நடப்பாள். கடற்கரை மணலில் ஒரு முழுப் பாதமும் ஒரு அரைப் பாதமும் மாறிமாறிப் போயிருந்தால் பவுலின் மீன் வாங்கப் போயிருக்கிறாள் என்று ஊருக்கே தெரியும். எல்லாருடைய கண்ணும் எப்போதும் அந்த இடதுகாலுக்கே போனதால், அவளுடைய வலதுகால் எப்படி இருக்கும் என்று யாரும் பார்த்ததில்லை. தினமும் கொல்லையில் அந்தக் காலை நீட்டி உட்கார்ந்து அவள் மீன் கழுவும்போது எதிரே உட்கார்ந்து செதில் எடுக்கிற டெல்பினாவைத் தவிர.

அன்று மத்தியானமும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள். டெல்பினா மீனைப் பார்த்துக்கொண்டே, கால் ஏதும் வலிக்கிறதா மதினி என்று கேட்டாள்.

பவுலின் அரிவாள்மணையை நிறுத்தினாள். “இடது கெண்டைக்கால்தான் இழுக்குது. காலையிலேருந்து. அது வலிச்சு நான் பாத்ததே இல்ல டெல்பி. வலிக்க அதுல என்ன இருக்கு? ஆனா வலிக்குது. நல்லா இருக்கு.”

“நீங்க பலகையப் பாத்தீங்களா?”

“பாத்தேன். கூட்டத்தோட நின்னு பாத்தேன். யாரு கால்னு என்கிட்டயே கேட்டாங்க.”

டெல்பினாவுக்குச் சிரிப்பு வந்தது, ஊரில் சொன்னால் எவ்வளவு சந்தோஷப்படுவார்கள் என்று சொல்லப்போனாள். பவுலின் தலையசைத்தாள். குரல் உயரவில்லை, ஆனால் ஒரே மூச்சில் சொன்னாள்:

“சொல்லாத. சொன்னா மாதா செஞ்ச அற்புதம், புதுமைன்னு மேளம் கொட்டுவாங்க. பகல்ல நிக்கச் சொல்லுவாங்க, குதிகால ஊனச் சொல்லுவாங்க. என்னால முடியாது. முடியலன்னு தெரிஞ்சதும், பாவம்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. அதுக்கப்புறம் அந்தக் கால் வராது டெல்பி. அது கூச்சப்பட்டு வராமப் போயிரும்.”

பிறகு மீனை மறுபடியும் நறுக்கத் தொடங்கி, உனக்குப் போட்டி இருக்கிறது, நீ வழுக்கி விழக் கூடாது, ரப்பரையே ஒட்டிவிடு, எனக்கு ஒருநாள் பார்த்ததே போதும் என்றாள். போதும் என்று சொல்கிறவர்கள் அடுத்த நாள் விடியும் முன்பே எழுந்து, மீன் வாங்கப் போகிற சாக்கில் கொட்டகைப் பக்கம் போவதில்லை. பவுலின் போனாள். அடுத்த நாளும் போனாள். இரண்டு நாளும் மெழுகில் அவளுடைய காலே இருந்தது. டெல்பினா கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பவுலின் கூடையை இடுப்பில் வைத்தபடி குனிந்து, இடது குதிகாலின் குழிவை, யாரும் இல்லை என்று நினைத்து, விரலால் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

அதற்குள் ஊரின் பொறுமை தீர்ந்துவிட்டது. விண்ணரசியின் புருஷன், இந்த ஆளைக் கண்டுபிடித்தால் எல்லாம் தெளிந்துவிடும் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தான். சூசைமாணிக்கம் கொட்டகைக்கு வந்து டெல்பினாவிடம் கமிட்டியின் முடிவைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆண் பெண் எல்லாரும் வரிசையில் வந்து பதிவில் கால் வைத்துப் பார்க்க வேண்டும், அதுவரை மெழுகை யாரும் தொடக் கூடாது, அதற்குப் பிறகு ரப்பரை ஒட்டிவிட வேண்டும். அவர் அதட்டவில்லை. போகும்போது திரும்பி, பெரிய கால்தான், இல்லையா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

டெல்பினா பலகையின் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். முழுக்க ரப்பர் ஒட்டினால் மதினிக்கு ஆபத்தில்லை, கமிட்டிக்கும் நந்தகோபனுக்கும் திருப்தி. ஆனால் போட்டியில் திரும்பும்போது முன்கால் இடறும், மதினியின் குதிகாலும் இனி யார் கண்ணுக்கும், மதினியின் கண்ணுக்கே, தெரியாது. மெழுகையே வைத்துக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை மதினியின் வலதுகால் பதிவுக்குள் போய் உட்காரும், உச்சிவெயிலில் தன் பின்காலும் வழுக்கும். ரொம்ப நேரம் அவள் ஊருக்காகவும் மதினிக்காகவும் யோசித்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு அலுத்துப்போய், பலகையைத் தரையில் இறக்கி, பாதங்கள் பதிந்த இடத்துக்குப் பக்கத்தில் தானே ஏறி நின்று, தனக்கு என்ன வேண்டும் என்று காலையே கேட்டாள். பின்கால் பிடி வேண்டும் என்றது. முன்கால், என்னைப் பிடிக்காதே, நான் நகர வேண்டும் என்றது. அவள் குனிந்து பார்த்தாள். பின்னால் இருந்தது மதினியின் வலதுகால், சுண்டுவிரலோடு. முன்னால் இருந்தது இடதுகால், மதினியுடையது என்று ஊரில் யாரும் நினைக்கவே மாட்டாத முழுப் பாதம்.

சனிக்கிழமை மத்தியானம், நந்தகோபன் பார்த்துக்கொண்டிருக்க, பலகையின் வால்பக்கத்தில் இருந்த மெழுகை மட்டும் சிரட்டையால் சுரண்டி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, உலர்த்தி, ரப்பரை ஒட்டி, அதன் மேல் ஏறி உட்கார்ந்து அமுக்கினாள். முன்பக்கத்து மெழுகைத் தொடவில்லை. பின்னால் ரப்பரும் முன்னால் மெழுகுமாக ஓட்டுகிறவர்கள் உண்டு, உனக்கு அது ஒத்துவருமா என்று தெரியாததால்தான் சொல்லவில்லை என்றார் நந்தகோபன். எனக்கும் இன்றைக்குத்தான் தெரிந்தது என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் திரண்டு வந்தபோது பதிவில் ஒரு கால்தான் இருந்தது. தொடக் கூடாது என்று சொன்னோமே என்று கமிட்டிக்காரர்கள் கோபப்பட்டார்கள். விண்ணரசியின் புருஷன் முன்னால் வந்து, மறைக்கத்தான் ஒட்டியிருக்கிறாள் என்றான். டெல்பினா பின்வாங்கவில்லை.

“போட்டியில நிக்கப்போறது நான். பின்கால் வழுக்குது, ரப்பர் ஒட்டினேன், நீங்க சொன்னதும் அதுதான். முன்காலுக்கு ரப்பர் ஆகாது, மெழுகுதான் ஆகும். கால் இதோ இருக்கு, வச்சுப் பாருங்க.”

வேறு வழியில்லாமல் வரிசை நகர்ந்தது. ஒவ்வொருவராக வந்து இடதுகாலை வைத்தார்கள். சிலருக்கு நீளம் போதவில்லை, சிலருக்கு அகலம் மிஞ்சியது. வரிசையில் பவுலினும் வந்தாள், கூடையோடு, ஊன்றி ஊன்றி. அவள் பலகையை நெருங்கினாள். சூசைமாணிக்கம் அவளுடைய இடதுகாலைப் பார்த்துவிட்டு, இரக்கத்தோடு, “நீ எதுக்கும்மா வரிசையில நின்னுக்கிட்டு, அங்க நிழல்ல போய் உக்காரு” என்றார். பவுலின் சரி மாமா என்று சொல்லிவிட்டு நிழலில் போய் உட்கார்ந்தாள்.

கடைசியாகச் சூசைமாணிக்கம் தன் காலை வைத்தார். பொருந்தியது. முழுசாக என்று சொல்ல முடியாது, குதிகாலில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. ஆனால் இரண்டாவது கால் இல்லாததால் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. அவர் முகத்தைப் பார்த்த யாருக்கும் மறுத்துச் சொல்ல மனமும் வரவில்லை. வெகுநேரம் அவர் காலை எடுக்கவில்லை. பிறகு, காலையில் எழுந்தபோது முழங்காலில் ஒரு குளிர்ச்சி இருந்ததை இப்போதுதான் நினைத்துக்கொள்கிறேன் என்றார். நிழலில் பவுலின் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துகொண்டாள். அழுகிறாள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் தண்ணீர் கொடுத்தார்கள்.

ஒற்றைக் கால் ஊருக்கு ஒத்துப்போனது. இன்னார்தான் என்று இனி அடித்துச் சொல்ல முடியாதென்பதால், போய்வர ஆசை யாருக்கெல்லாம் இருந்ததோ அவர்கள் எல்லாரும் என்னுடையது என்று சொல்லிக்கொண்டார்கள். மறைக்க வேண்டியவர்கள் என்னுடையது இல்லை என்று சொல்லிக்கொண்டார்கள். ஒரே பாதத்தை ஒரே காலையில் மூன்று பேர் கேட்டபோதும் சண்டை வரவில்லை. விண்ணரசியின் புருஷன் சில நாள் வந்து பார்த்தான். ஒருநாள் அங்கே பதிந்திருந்த கால் தன்னுடையது போலவே இருக்கிறதென்று அவனுக்குச் சந்தேகம் வந்தது. அதைப் பற்றி யாரிடமும் பேசாமல் மாமியார் வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியைக் கூப்பிட்டான். அவள் உடனே வரவில்லை. அடுத்த தடவை கேட்டபோது, கதவில் இனிப் பூட்டுத் தொங்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தாள்.

போட்டி நாளில் வெயில் கொளுத்தியது. மிதவையை நெருங்கும்போது டெல்பினாவின் முன்கால் இளகிய மெழுகில் வழுக்கி, வழுக்கினதாலேயே சுலபமாகப் பின்னுக்குப் போனது, பின்கால் ரப்பரை விட்டு முன்னுக்கு வந்தது, பலகை கத்தி போலத் திரும்பியது. ஒவ்வொரு மிதவையிலும் அப்படியே திரும்பியது. கரையில் நின்ற ஊர் அவளுடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் அந்த ஊரில் யாரும் யாருடைய முகத்தையும் முதலில் பார்ப்பதில்லை. முதலில் வந்தவள் ஒரு வெளியூர்ப் பெண், அடுத்து வந்தவள் டெல்பினா. அணியில் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. அண்ணன் அன்று கடலுக்குப் போகாமல் இருந்து, அவளைவிட அதிகமாக அழுதான்.

அந்த வாரமே ஒருநாள் காலையில், வெயில் ஏறின பிறகு, கரையில் வலை காயவைக்கிறவர்கள் எல்லாரும் இருக்கும்போதே பவுலின் கொட்டகைக்கு வந்தாள். கூடை இல்லை. சேலையை இழுத்துச் செருகியிருந்தாள். தண்ணீரில் வைத்து இதைப் பிடித்துக்கொள்கிறாயா, ஏறிப் பார்க்கிறேன் என்றாள். டெல்பினா பலகையை எடுத்துக்கொண்டு முழங்கால் ஆழத்துக்குப் போய், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பவுலின் அவள் தோளைப் பற்றிக்கொண்டு வலதுகாலை ரப்பரின் மேல் வைத்தாள், இடதுகாலை மெழுகில் வைத்தாள். குதிகால் படவில்லை. வலை காயவைக்கிறவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அலை ஒன்று வந்து தூக்கியதும் சாய்ந்து தண்ணீரில் விழுந்தாள். எழுந்து உப்பைத் துப்பிவிட்டு, தலையைத் துடைக்காமலே, பலகையின் மேல் குனிந்தாள்.

மெழுகில் இரண்டு தடங்கள் இருந்தன. விடியுமுன் பதிந்த முழுப் பாதம் ஒன்று, அதன் ஓரத்தில் இப்போது பதிந்த சின்ன முன்பாதம் ஒன்று, ஐந்து விரலோடு. பவுலின் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தாள். புதிதாக வாங்கின பாத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது போல அவள் பார்வை இருந்தது.

“இது விரல்ல நிக்கிற கால் டெல்பி. விரல்ல நிக்கிற காலுக்கு மெழுகு நல்லதா, ரப்பர் நல்லதா?”

டெல்பினா யோசித்தாள். நந்தகோபனும் சொன்னதில்லை, அவளுக்கும் தோன்றியதில்லை.

“தெரியல மதினி,” என்றாள். “நின்னு பாத்துத்தான் சொல்லணும்.”

பவுலின் சேலையை இன்னும் கொஞ்சம் மேலே செருகிக்கொண்டு, மறுபடியும் அவள் தோளைப் பிடித்தாள்.